இடைவேளையில் நின்ற தோட்டா

ஐந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம்
ஏசி பாதி வேலை செய்யும் தியேட்டரில்
இரண்டாம் ஆட்டம்.
பனி விழும் ஏதோ ஊரில்
ஒளிந்திருந்து சுடும் இருவர்
ஒருவனை ஒருவன் தேடும் படம்.
எடுத்தவன் வெளிநாட்டுக்காரன்.
பேசியது தமிழ்.

எதிரிகள் இருவருக்கும்
ஒரே ஆள்தான் குரல் கொடுத்திருந்தான்.
இவனுக்குக் கொஞ்சம் மூக்கடைப்பு,
அவனுக்குக் கொஞ்சம் கரகரப்பு.
இரண்டு தேசங்களுக்கும்
அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஊரில் இடைவேளை விடமாட்டார்கள் போல.
நம் ஆட்கள் கத்தரி வைத்த இடம்
விசை அழுந்தி
தோட்டா குழலை விட்டுக் கிளம்பிய நொடி.
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.
வெள்ளித் துணுக்கு ஒன்று
திரை நடுவே நின்றது.
அதன் மேலேயே நகைக்கடை விளம்பரம்.
கால் மணி நேரம்.
பப்ஸ் தின்று, ஒன்றுக்குப் போய்,
மெழுகு வாசம் வீசும் பாப்கார்னுக்குச் சண்டை போட்டு
நாங்கள் திரும்பி வரும்வரை
அது யார் மேலும் படாமல் காத்திருந்தது.

முடிந்ததும் வண்டி ஸ்டாண்டில் தகராறு.
"ரெண்டரை மணி நேரம் படுத்தே கெடக்கறான்,
அதுக்கு எங்க மச்சான் போதாதா" என்றான் மாதேசு.
கைதட்டிக் கைதட்டி
நசீருதீனுக்கு உள்ளங்கை சிவந்திருந்தது.
காதல் காட்சிக்கு மட்டும் விழித்த சென்னகிருஷ்ணன்
குடும்பப் படம் என்று சத்தியம் செய்தான்.
பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்த அய்யந்துரை
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"அவ்வளவு ஈரத்துல படுத்தா
ஒருத்தனாவது தும்மியிருப்பான்."

என்னைக் கேட்டால்
வயலினைக் குறைத்திருக்கலாம்.
எவன் எங்கே பதுங்கியிருக்கிறான் என்று
முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.
ஆனால் ஒரு கண்ணை மூடிக் காத்திருப்பதை
ஒழுங்காக எடுத்திருந்தார்கள்.
அது எனக்குத் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டையில் மாடி ஜன்னலோரம்
கொலுசில் பற்றவைத்த இடம் பார்ப்பது என் வேலை.
வலது கண்ணில் லென்ஸ்.
பகல் முழுக்க மூடிக்கிடக்கும் இடது கண்ணைச்
சாயங்காலம் திறந்தால்
தெரு கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

எதிர் மாடியில் இருசப்பன்.
அதே வேலை, அதே லென்ஸ்.
நடுவில் பன்னிரண்டடிச் சந்து.
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
முன்பு ஒரே பட்டறையில் இருந்தோம்.
ஒரு சனிக்கிழமை நாற்பது கிராம் குறைந்தது.
தராசடியில் நாங்கள் இரண்டு பேர்தான்.
நான் எடுக்கவில்லை.
அவனும் அதையேதான் சொன்னான்,
கிட்டத்தட்ட இதே குரலில்.

நேற்று முன் வரிசையில் அவன் பிடரி தெரிந்தது.
திரையைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன்.
இடைவேளைக்குப் பிறகு அந்த இருக்கை காலி.

இன்று பதினொரு மணி டீயோடு
கடைப் பையன் வந்து நின்றான்.
"எதிர் மாடி அண்ணன் கேக்கச் சொன்னாங்க.
கொண்டலாம்பட்டி கடைசி பஸ்ஸுன்னு
பாதியிலயே கெளம்பிட்டாங்களாம்.
அந்தக் குண்டு
யார் மேல பட்டுச்சாம்?"

அப்படியானால்
அவனும் என்னைப் பார்த்திருக்கிறான்.

லென்ஸைக் கழற்றாமல் நிமிர்ந்தேன்.
விரலருகே இருக்கும் பொடிப் பிசிறைக் காட்டும் கண்ணாடி
பன்னிரண்டடிக்கு அப்பால்
வெறும் கலங்கலைத்தான் காட்டுகிறது.
அதில் ஒரு தலை இருந்தது.
அசையவில்லை.

"யார் மேலயும் படலைன்னு சொல்லு" என்றேன்.
படத்தில் பட்டது.
"படம் சுமார்தான்னும் சொல்லிடு."

காலி டம்ளர்களோடு பையன் படியிறங்கினான்.
சந்தில் ஒரு ஸ்கூட்டருக்காக நின்றான்.
பிறகு நடந்தான்.