புள்ளி இரண்டு

வேப்பம்பலகையில் சட்டம் அடித்து
வெள்ளை பூசிய பெட்டி.
நாலு பக்கமும் காற்று நுழைய, வெயில் நுழையாமல்
சாய்த்து வைத்த பட்டைகள்.
காங்கயம் சாலையில் நிறுத்திய லாரிக்காரர்
புறாக்கூண்டா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை.
களத்தில் ஆறு டன் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே இரண்டு வெப்பமானிகள்,
ஒன்று காய்ந்தது, ஒன்று நனைந்தது.
நனைந்ததன் குமிழுக்குத்
திருப்பூர் செகண்ட்ஸ் பனியன் கிழித்துச்
சட்டை போட்டிருக்கிறேன்,
முனை ஊறுகாய் பாட்டில் தண்ணீரில்.
இரண்டுக்கும் நடுவே எத்தனை டிகிரியோ
அத்தனை தாகம் காற்றுக்கு.
மாசியில் பதினொன்றைத் தொடும்.
அன்றைக்குத் தொட்டியை விட்டுப் பருப்பு
தானாகக் கழலும்.

பாரமானி வீட்டுக்குள், நாள்காட்டிக்குப் பக்கத்தில்.
வாங்கிய முதல் மாதம்
மாலை நாலு மணிக்கு முள் இறங்கும்போதெல்லாம்
தார்ப்பாய் போடச் சொல்லி ஓடினேன்.
மாராத்தாளும் மற்றவர்களும்
போர்த்தினார்கள், பிரித்தார்கள், போர்த்தினார்கள்.
வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு இல்லை.
பிறகுதான் தெரிந்தது,
காலை பத்துக்கு ஏறி மாலை நாலுக்கு இறங்குவது
இங்கே காற்றின் அன்றாடம் என்று.
கடல் பார்க்காத ஊரிலும்
தலைக்கு மேல் ஓர் ஓதம்.
"சும்மா போத்துனதுக்கும் கூலி உண்டல்லங்க?"
என்றாள் மாராத்தாள்.
உண்டு.

கம்பத்தின் உச்சியில் கிண்ணங்கள் மூன்று.
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்டால்
அவை கிண்ணங்கள் அல்ல, ஒரு வளையம்.
திசைகாட்டி வாலைக் கிழக்கே நீட்டினால்
நாற்பது நாள் மடக்காது.

மழைமானி, சுவரோரம்.
சுவருக்கு வயது நாலு.
பாகம் கேட்டு நான் போட்ட வழக்கில்
பாதிக் களம் எனக்கென்றது கோர்ட்;
மறுவாரம் அண்ணன் செங்கல் இறக்கினார்.
அந்தப் பக்கம் அவர் கொப்பரை,
இந்தப் பக்கம் என் கொப்பரை.
இருமினால் கேட்கும் தூரம்.
இருமுவதோடு சரி.

மழைமானிக்குள்
முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கரண்டிகள்.
ஒன்று நிறைந்தால் சாய்ந்து கொட்டும், டக்.
மற்றது எழுந்து ஏந்தும்.
ஒரு டக், புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
எண்ணுவதற்குப் பெட்டி உண்டு. இருந்தாலும்
மழை இரவில் படுத்தபடி நானும் எண்ணுவேன்,
பக்கத்துத் தறிகள் நின்றிருந்தால்.

ஐப்பசியில் ஓர் இரவு எழுபத்துமூன்று.
விடியக்காலை சுவருக்கு மேல் ஒரு துண்டு,
துண்டுக்குக் கீழே அண்ணன் தலை.
"நேத்து எத்தன பெஞ்சுது?"
ஏட்டைப் பார்க்காமல் சொன்னேன்,
"பதினாலு புள்ளி ஆறு."
"எம்பக்கம் அத்தன இருக்காது."
போய்விட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் வருகிறார்.
நான் சொல்வேன், அவர் குறைப்பார்.
சித்தப்பா காரியத்தில்கூட
நாங்கள் இத்தனை பேசவில்லை.
கார்த்திகையில் ஒருநாள்
நான் எண்ணைச் சொன்ன பிறகும் நின்று
"டவுன்ல நாலுதானாமா" என்றார்.
அன்றைக்கு எங்கள் இருவருக்கும்
டவுனைவிட அதிகம்.

நேற்று வெறும் தூறல்.
களம் கருத்தது. மண் மணத்தது.
மாராத்தாளின் முக்காட்டில்
பொட்டுப் பொட்டாய் ஈரம்.
டக் விழவில்லை.
ஏட்டில் பூஜ்யம் எழுதிவிட்டுப்
புனலைக் கழற்றிப் பார்த்தேன்.
கரண்டியில் முக்கால் நீர், சாயாமல்.
வெயில் குடிக்காவிட்டால்
அடுத்த மழையின் முதல் டக்
இதையும் சேர்த்துத்தான்.

காலையில் துண்டு தெரிந்தது.
"ஒண்ணுமில்ல" என்றேன்.
"எம்பக்கம் நனைஞ்சுது" என்றார்,
முதல் தடவையாகக் கூட்டி.

புனலைத் திரும்ப மாட்டினேன்,
கை ஆடாமல்.