ஆறாத வட்டு

வீட்டில் வாட்ச் இரண்டு, சார்ஜர் ஒன்று.
இன்னொன்று மகெல்லன் நீரிணையின் அடியில்.
கயிறு இழுக்கக் குனிந்தபோது
சட்டைப்பையிலிருந்து வழுக்கிப் போனது.
ஏதாவது ஒரு நண்டு அதைச் சுற்றி வந்து
எதற்கும் உதவாதென்று விட்டிருக்கும்.

ஐந்து நாள் தாங்கும் என்றுதான் விற்றார் கடைக்காரர்.
அவர் சாந்தியாகோக்காரர், வெயிலில் விற்கிறவர்.
எங்கள் புந்தா அரேனாஸில்
ஆளைக் காற்று தூக்காமலிருக்கத்
தெருமுனையில் கயிறு கட்டுவோம்.
போர்வெனீர் துறையில் முப்பத்தொன்று காட்டும்;
லாரிகளை இறக்கிவிட்டு நிமிர்ந்தால்
முகம் கறுத்துக் கிடக்கும்.
கையுறைக்குள் வைத்துச் சூடேற்றினால்
செத்ததாகச் சொன்னது யார் என்பதுபோல்
பதினேழு.

யாஸ்னாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை.
எனக்குப் பகல் படகு.
யாருக்கு எப்போது சார்ஜர் என்று
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, தானாகப் படிந்தது.
அவள் குளித்து, தலை உலர்த்தி,
ரொட்டியில் அவகாடோ தடவித் தின்னும்வரை
அவளுடையது.
ஏழு பத்துக்குக் கட்டிக்கொண்டு
ஷேர் டாக்சிக்கு ஓடுவாள்.
ஏழே காலுக்கு நான் கதவைத் திறப்பேன்.

உப்புக் கையோடு முதலில் தொடுவது
சமையலறை மேடையில் அந்த வட்டைத்தான்.
சுட்டால், இப்போதுதான் போயிருக்கிறாள்.
ஆறியிருந்தால், முன்னதாகக் கூப்பிட்டுவிட்டார்கள்,
யாருக்கோ மூச்சு சரியில்லை.
ஒருமுறை, சூட்டை நம்பி ஓடினேன்.
டாக்சியின் பின்விளக்கு கிடைத்தது.

ஞாயிறுகளில் சிரிப்பாள்:
"என் வாட்சைக் கேட்டால்
இவள் குளித்ததே இல்லை என்று சாட்சி சொல்லும்."
என்னுடையது இன்னும் மோசம்.
அதன் கணக்கில் நான்
மூன்று வருடமாகத் தூங்கவில்லை.

ஜூலையில் அவள் தம்பி மிர்கோ
புதுச் சார்ஜர் ஒன்று அனுப்பினான்.
"இனி அடித்துக்கொள்ளாதீர்கள்" என்று சீட்டு.
நாங்கள் எப்போது அடித்துக்கொண்டோம்?
அவள் அதைத் தன் கட்டிலோரம் சொருகிக்கொண்டாள்.
பழையது எனக்கு, முழுசாக எனக்கே.

திங்கள், தொட்டேன். ஆறியிருந்தது.
செவ்வாய், ஆறியிருந்தது.
புதன்கிழமை மேடையையே பார்க்காமல்
வெந்நீர் வைத்தேன், கெட்டிலைக் கழுவினேன்,
கழுவிய கெட்டிலை மறுபடி கழுவினேன்.

வியாழன் பூட்ஸைக் கழற்றாமல்
படுக்கையறைக்குள் போனேன், திருட வந்தவன் மாதிரி.
இருட்டில் அவள் மேசையைத் தடவி
வட்டைக் கண்டுபிடித்தேன்.
வெதுவெதுவென்று இருந்தது.
டாக்சி இப்போது மேட்டில் ஏறியிருக்கும்.
கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பாள்.

பழையது இப்போது சமையலறையில் சும்மா கிடக்கிறது.
விடியலில் அவளிடமிருந்து செய்தி:
"தலையணையில் மீன் வாடை.
என் சார்ஜரை எடுக்கிறாயா, உன்னுடையது என்ன ஆயிற்று?"

பழுது, என்று அனுப்பினேன்.
எண்பத்தெட்டில் கழற்றிக்கொண்டு
படகுக்குப் போனேன்.