பதினான்காம் கேள்வி

பிரென்னர் கணவாய்க்குக் கீழே
கடைசி வீட்டுக்கு முந்தைய வீடு.
நோட்புர்கா கதவைத் திறந்தாள்,
என்னை உள்ளே இழுத்து உடனே சாத்தினாள்.
"சத்தம் உள்ளே வந்துவிடும்" என்றாள்,
பூனையைச் சொல்வதுபோல.

படிவத்துக்குப் பதினோரு யூரோ எனக்கு.
முதல் பதிமூன்று கேள்விகள் சுலபம்:
வயது, சன்னல்கள் எத்தனை,
இரவில் எத்தனை தடவை விழிப்பு.
பதினான்காவது:
"லாரிகள் பாதியாகக் குறைய
மாதம் எவ்வளவு தருவீர்கள்?"

"நான் தரணுமா?"
"கற்பனையாகத்தான்."
"திருடியவனே கதவைத் தட்டுகிறான்,
பாதியைத் திருப்பித் தந்தால்
என்ன கொடுப்பாய் என்கிறான்.
அதுவும் கற்பனையாக."

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
கேள்வியைத் திருப்பிப் போட்டு
'பொறுத்துக்கொள்ள எவ்வளவு வேண்டும்' என்றால்
தொகை ஊதிவிடும்,
அமைச்சகம் ஏற்காது.
அதே மலை, அதே காது.
எந்தப் பக்கம் நின்று கேட்கிறோமோ
அந்தப் பக்கத்து விலை.

சன்னலுக்கு வெளியே
வடக்கே ஏறியது இத்தாலியத் தண்ணீர், பாட்டில் பாட்டிலாக.
தெற்கே இறங்கியது ஜெர்மன் தண்ணீர்.
அவள் குழாயில் வருவது மலை ஊற்று.
எனக்கு ஒரு டம்ளர் பிடித்துத் தந்தாள்.
பல் கூசியது.

லாரி நிறுத்தத்தில் ஒவிடியு,
யாஷ் நகரத்துக்காரன்,
டயர்மேல் உட்கார்ந்து மத்தி மீன் தின்றுகொண்டிருந்தான்.
"சுங்கம் ஏறினால் முதலாளி
என் படியில் பிடிப்பான்.
தண்ணீர் குடிக்கிறவனைப் போய்க் கேள்,
அவனுக்கு இப்படியொரு கணவாய்
இருப்பதே தெரியாது."
பக்கத்துக் குளிர்பதன வண்டி
இரவெல்லாம் உறுமுமாம், தூக்கமில்லை.
வாரத்தில் நான்கு இரவு இங்கேதான்.
பதினான்காம் கேள்வி
குடியிருப்போருக்கு மட்டும்.

நோட்புர்கா கட்டத்தில்
ஒரு பூஜ்யம் போட்டிருந்தாள்,
பென்சில் முனை ஒடியுமளவு அழுத்தி.
அதற்குக் கையேட்டில் பெயர் உண்டு: எதிர்ப்புப் பூஜ்யம்.
சராசரியில் சேர்ப்பதில்லை.
அவளை நீக்கிக் கூட்டினால்
பள்ளத்தாக்கின் அமைதி
தலைக்கு மாதம் ஏழு யூரோ நாற்பது.

நாற்பத்து மூன்று கிலோமீட்டர் திரும்பி வந்தேன்,
அவள் சன்னலைத் தாண்டி, மூன்றாம் கியரில்.
பயணப்படிக்கு எழுதிக் கொடுத்தேன்.
ஒரு கேள்வியும் கேட்காமல் தந்தார்கள்.