ஐஸ்

சத்துமாவு உருண்டை தின்று முடிந்ததும்
மூக்கையூர் அங்கன்வாடியில் ஏலம்.
செருப்பெல்லாம் மீன்.
இடது கால் சூடை, வலது கால் விளைமீன்.
காசு, பூவரச இலை. கடன் கிடையாது.
"நூறு! பத்து! ஆயிரத்து ரெண்டு!"
கூவுகிறாள் ரெக்சிட்டா, அப்பனின் தொண்டையோடு.

துர்கேஷ் இலை கொடுக்காமல் அள்ளினான்.
கடி வாங்கினான். அழுதான்.
கடித்தவளே அவன் மூக்கைத் துடைத்து
தராசாக நிற்கவைத்தாள்.
இரண்டு கையிலும் செருப்பு;
அழ மறந்து ஒரு பக்கம் சாய்ந்தான்.

செல்டன் மட்டும் சுவரோரம்.
ஜூனிலிருந்து அங்கேதான்.
ஒரு பாட்டில் மூடி. சுற்றுவான்,
விழும்வரை பார்ப்பான், மறுபடி சுற்றுவான்.
நான் கூப்பிட்டு வந்ததில்லை.
போன வாரம் அந்த மூடி
இரண்டடி இந்தப் பக்கம் நகர்ந்திருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை நான்.

கச்சான் அடங்கி
வெயில் வாசலுக்குள் வந்தது.
"மீன் நாறிப்போகும்" என்றாள் ரெக்சிட்டா.
சுற்றிப் பார்த்தாள்.
"டேய், நீதான் ஐஸ். வந்து படு."

வந்தான்.
செருப்புக் குவியல்மேல் குப்புறப் படுத்து
அசையவே இல்லை.
இவ்வளவு நல்ல ஐஸை அவர்கள் பார்த்ததில்லை.
இலை தீர்ந்தது, லாரி வந்தது,
லாரி என்றால் ஐந்து பேர்.

அப்போது குவியலிலிருந்து
கரகரவென்று ஒரு குரல்:
"உருகிட்டேன்."

லாரி நின்றது.
ஆட்டத்தில் அப்படியொரு விதி இல்லை.
ரெக்சிட்டா யோசித்தாள்.
"அப்ப நீ தண்ணி. ஓடு."

ஓடினான்.

பதிவேட்டில் ஒரு கட்டம்:
பிறருடன் பழகுகிறானா? ஆம், இல்லை.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வெளியே எல்லோரும் உருகிக்கொண்டிருக்கிறார்கள்.
வலது கால் ஒன்றைத் தேடி
வாசலில் ஒரு அம்மா நிற்கிறார்.