பத்து வீதம்

ஓல்ட்டன். ஆறு மாடி, நாற்பத்திரண்டு குளியலறை.
கட்டிய ஒப்பந்தக்காரன் பாதியில் மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டான்.
மிச்ச வேலைக்குப் பணம் கட்டியது
நான் சம்பளம் வாங்கும் பிணை நிறுவனம்.
ஆகவே கட்டட உரிமையாளரின் உரித்தெல்லாம் இனி எங்களுடையது,
அவர் கொடுக்காமல் பிடித்துவைத்த பத்து வீதமும்.

அந்தப் பத்துக்குள்தான் கிடக்கிறது
டைல்ஸ் ஒட்டிய கதிரமலையின் பதினெண்ணாயிரம் பிராங்.
கட்டடத்தின் மேல் உரிமை பதிய நாலு மாதத் தவணை.
அவர் வந்தது
நாலு மாதமும் ஒன்பது நாளும் கழித்து.

"தருவன் எண்டு கையிலடிச்சுச் சொன்னவன், தங்கச்சி."
மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.
டொச்சில் அதற்குச் சொல் இருந்தது,
கோப்பில் இடம் இருக்கவில்லை.

சட்டம் சரி. அடைத்தவனுக்கே உரித்து.
வட்டிக் கணக்கையும் நானே இரண்டு தரம் சரிபார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாவி வாங்கி
மூன்றாம் மாடிக்குப் போனேன், ஏனென்று தெரியாமல்.
வடிகால் துளையைச் சுற்றி வட்டமாய் வெட்டிய கல்,
மயிரிழை பிசகில்லை.
ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
நாலு மூலையிலிருந்தும்
எதுவும் தங்காமல்
ஓடிப்போய்விட்டது.