ஐந்து மதிப்பெண் கேள்வி

பார்சல் ஆபீசில் இரவு டூட்டி முடித்து
ஞாயிறு ஐந்தரைக்கு ஏற்காடு பஸ்.
மடியில் திருச்சபை வரலாறு, ஜெராக்ஸ், வரிசை கலைந்தது.
மேலே கல்கோயிலில் எட்டுப் பேர் காத்திருப்பார்கள்,
மழையென்றால் ஐந்து.
குருவானவர் மாதம் ஒருமுறை. மற்ற வாரம் நான்:
அங்கி இல்லை, அபிஷேகம் இல்லை,
வாசிக்க மட்டும் அனுமதி.

இருபது கொண்டை ஊசி வளைவு.
பரீட்சைக்கு அப்படித்தான் மனப்பாடம்.
இரண்டில் ராஜாவுக்கு விவாகரத்து வேண்டும்.
மூன்றில் மடத்துக் கூரைகளின் ஈயத்தை உருக்குகிறார்கள்.
ஐந்தில் ஒரு பேராயர்
மறுதலித்துக் கையெழுத்துப் போட்ட வலது கையை
முதலில் நெருப்புக்கு நீட்டுகிறார்.
ஐந்து வந்தால்
ஜன்னல் கம்பியிலிருந்து என் கையை எடுத்துவிடுவேன்.

ஏழில் நடுவழி.
ரோமாபுரிக்கும் ஜெனீவாவுக்கும் இடையே
இந்தச் சபை பிடித்த பாதையாம்.
தமிழில் நடுவழி என்றால்
விட்டுவிட்டுப் போன இடம்.
எழுதினால் மார்க் கிடைக்காது.

அம்மா அம்மாபேட்டையில்
தகரக் கூரைக்குக் கீழே கைதட்டிப் பாடுகிறவள்.
"எழுதி வச்சு வாசிக்கிறதெல்லாம் ஜெபமாடி?
பசிச்ச பிள்ளை பேப்பர் பார்த்தா அழும்?"
அப்பாவின் ஆட்களோ
பிஷப்பே வேண்டாமென்றிருந்த சபை.
நாற்பத்தேழில் கூடி வந்தபோதும் அரை மனசுதானாம்.

போன ஞாயிறு பதின்மூன்றில் பஸ் நின்றது.
ரேடியேட்டர்.
டிரைவர் தண்ணீருக்கு பாட்டிலோடு பனிக்குள் போனார்.
பின் சீட்டில் சீரங்காயி, நாகலூர், காபித் தோட்ட வேலை.
ராத்திரி முழுக்க ஜி.எச்.சில் உட்கார்ந்து
மாத்திரையோடு திரும்புகிறாள்.
மடியில் பையன், அனலாய்.
நெற்றியில் சேர்வராயன் கோயில் திருநீறு
வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது.
என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து,
"நீ சாமி கும்புடறவதானே, ஏதாச்சும் சொல்லேன்" என்றாள்.

ஏதாச்சும்.
சொந்தமாய் ஒரு சொல் வரவில்லை.
வந்தது எழுதி வைத்ததுதான்,
யாரோ தைத்து, எத்தனையோ பேர்
போட்டுக் கழற்றிய சட்டை;
தோளில் சரியாக உட்கார்ந்தது.
முடிவில் ஆசீர்வாதம். அங்கே ஒரு விதி.
குருவானவர் 'உங்களை' என்பார்.
அபிஷேகம் பெறாதவர் தம்மையும் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.
இங்கிலீஷ் நோட்ஸில் அதற்கு ஒரே சொல்.
நமக்கு இரண்டு.
'எங்களை' என்றால் சீரங்காயி வெளியே நிற்பாள்.

'நம்மை' என்றேன்.
பையன் ஏறினான், அவன் திருநீறு ஏறியது,
பாட்டிலோடு டிரைவர்,
கைதட்டியபடி அம்மா,
அந்த ராஜாகூட, ஓரமாக.
காபிக் கறை படிந்த விரல்களால் என் கையை இழுத்து
சீரங்காயி பையன் தலையில் வைத்தாள்.
வைக்க அனுமதி இல்லாத கை.
சுட்டது.

பிறகு அவன் ஜெராக்ஸ் மேல் வாந்தியெடுத்தான்,
பதினேழாம் நூற்றாண்டு முழுவதும்.
ஒண்டிக்கடையில் நான் இறங்கினேன்,
அவர்கள் இன்னும் மேலே.
காய்ச்சல் விட்டதா, தெரியாது.

வியாழக்கிழமை பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது,
ஐந்து மதிப்பெண்.
விதியை எழுதினேன், காரணம் மூன்று எழுதினேன்.
கையைப் பற்றி எழுதவில்லை.

இன்று பதின்மூன்றில் பஸ் நிற்கவில்லை.
நான் மட்டும் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன்.