கடைசியாகப் பார்த்தது

மூலையில் அந்த ஆரஞ்சு முக்கோணம் வந்து
எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்கவில்லை.
வந்த நாளெல்லாம் ஏசியிருக்கிறோம்.
மரலாரி எடைமேடையில் ஏறும் நேரம் பார்த்து
"புதுப்பிப்பு வந்திருக்கிறது, இப்போதே நிறுவலாமா?" என்று
எண்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
ஒருமுறை இருபத்தாறு டன் பிர்ச் மரம்
அதன் முதுகுக்குப் பின்னால் காணாமல் போயிற்று.
ஓட்டுநர் வில்னிஸ் ஹாரனில் வைத்த கையை
எடுக்கவே இல்லை.

ஆகவே அது வாயடைத்துப் போனதை
நிம்மதிக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

லியெபாயா துறைமுகம், பிப்ரவரி.
காற்றுக்குக் கதவு ஒரு பொருட்டில்லாத ஊர்.
வடக்குக் கூண்டிலிருந்து ஸ்கைத்ரீதே போன் செய்தாள்:
"என்னுடையதற்கு நாற்பத்தொன்று வந்தாயிற்று. உனக்கு?"
ஒன்றுகூட இல்லை.
இரண்டும் ஒரே வண்டியில் வந்திறங்கிய கணினிகள்.
"ஒன்றும் இல்லை என்கிறதா,
ஒன்றுமே சொல்லவில்லையா?" என்றாள்.
அந்த இரண்டுக்கும் நடுவில்
என் இரவுப்பணி தொடங்கியது.

அமைப்புகளில் 'தினமும் பார்' என்ற கட்டத்தில்
குறி அப்படியே இருக்கிறது.
ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலில் பெயரும் இருக்கிறது,
பன்னிரண்டு மெகாபைட் தின்றுகொண்டு, உயிரோடு.
கொன்றேன். எழுப்பினேன்.
பிடுங்கி மறுபடி நட்டேன்.
கேபிளை மாற்றினேன்; பழைய கேபிளுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.
சோதனை அறிவிப்பு ஒன்றை அனுப்பினால்
உடனே வந்து நிற்கிறது, ஆரஞ்சு நிறத்தில், பவ்யமாக:
"இது ஒரு சோதனை."
வாய் இருக்கிறது.

இரண்டரை மணிக்கு
அது தனக்கென்று எழுதி வைத்திருந்த கோப்பைத் திறந்தேன்.
நான்கே வரி. மூன்றாவது:
கடைசியாகப் பார்த்தது: 2037 நவம்பர் 9, காலை 4.12.

டிசம்பர்ப் புயலில் மின்சாரம் போன இரவு.
உள்ளே பொத்தான் பேட்டரி எப்போதோ செத்திருந்தது.
விழித்த கடிகாரம் வாய்க்கு வந்த வருடத்தைச் சொன்னது.
துறைமுகக் கணினி திருத்தும் வரை ஆறு நிமிடம்.
அந்த ஆறு நிமிடத்துக்குள் இது எழுந்து,
புதிது ஏதுமுண்டா என்று பார்த்து,
பார்த்த தேதியை ஒழுங்காகக் குறித்துக்கொண்டு
படுத்துவிட்டது.
கடிகாரம் திரும்பி வந்தது. இதை யாரும் கூப்பிடவில்லை.
அன்றுமுதல் தினமும் காலையில்
இன்றைய தேதியிலிருந்து அந்தத் தேதியைக் கழிக்கிறது.
விடை பூஜ்யத்துக்கும் கீழே.
இன்னும் நேரமாகவில்லை என்று
மறுபடி உட்கார்ந்துகொள்கிறது.

பழுது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.
காவலுக்கு இப்படி ஒருவன் கிடைத்தால்
சம்பளம் கூட்டித் தருவார்கள்.

வரியை அழித்தேன்.
டிராம் நிறுத்தக் கடை, பேட்டரி, ஒரு யூரோ தொண்ணூறு
என்று ரசீதின் பின்னால் கிறுக்கினேன்.
திரை கொஞ்சம் யோசித்தது.
பிறகு மூலையில் எழுந்தது முக்கோணம்:
நாற்பத்தொன்று.
வடக்குக் கூண்டுக்குச் சொல்ல ரிசீவரை எடுக்கிறேன்,
மேடை அதிர்கிறது.
வில்னிஸ்தான். மரம் நனைந்து கனத்திருக்கும்.
எத்தனை டன் என்று தெரியவில்லை.
ஹாரன்.

"பிறகு நினைவூட்டு" என்பதை அழுத்தினேன்.